10 சீட், 1,000 யென்: ஜப்பான் ராமென் கடையில் ஏன் யாரும் அரட்டை அடிப்பதில்லை?

டோக்கியோ. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. மதியம் 12 மணிக்குச் சின்னக் கடை ஒன்றின் வாசலில் ஆபீஸ் போகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே மொத்தமே பத்து சீட்தான். ஆனாலும் வரிசை கடகடவென நகர்கிறது. உள்ளே போனவர் கால் மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்து வெளியே வந்துவிடுகிறார்.

ராமென் கடையில் இது தினசரிக் காட்சி. 'சாப்பிடுறதுக்கு ஏன் இவ்ளோ அவசரம்?' என்று புதிதாகப் போகிறவர்களுக்குத் தோன்றும். அதற்குப் பின்னால் ருசியும் இருக்கிறது, கடைக்காரரின் கணக்கும் இருக்கிறது.

முதலில் டோக்கன்

பல கடைகளில் வாசலை ஒட்டியே ஒரு மெஷின் இருக்கும். பணத்தைப் போட்டு பட்டனை அழுத்தினால் டோக்கன் வரும். அதைக் கவுன்டரில் வைத்தால் போதும். எது என்று புரியாவிட்டால், மேல் வரிசையின் இடது ஓரப் பட்டனை அழுத்தலாம். பெரும்பாலும் அந்தக் கடையின் ஸ்பெஷல் அங்கேதான் இருக்கும். ஆர்டர் எடுக்க, பில் போட, காசு வாங்கத் தனி ஆள் வேண்டாம். ஓரிரு பேரை வைத்தே கடையை ஓட்டிவிடலாம்.

கிண்ணத்தில் என்ன?

சூடான சூப், கோதுமை நூடுல்ஸ், மேலே பன்றி இறைச்சித் துண்டுகள், முட்டை, வெங்காயத்தாள். சூப்பை வைத்துத்தான் பெயர். சோயா சாஸ் சேர்த்தால் ஷோயு, உப்பு என்றால் ஷியோ. மிசோவுக்கு சப்போரோ நகரம் பிரபலம். பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுக்கும் தொன்கொட்சு, ஃபுகுவோகா பக்கத்துச் சரக்கு.

நூடுல்ஸ் மாவில் 'கன்சுய்' என்ற காரத்தன்மையுள்ள நீரைச் சேர்ப்பார்கள். அந்த மஞ்சள் நிறமும், இழுபடும் தன்மையும் அதனால் வருவதுதான். ஆனாலும் கொதிக்கும் சூப்பில் சில நிமிடங்கள் கிடந்தால் ஊறிக் குழைந்துவிடும். போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தால் நஷ்டம் சாப்பிடுகிறவருக்குத்தான்!

சத்தம் போட்டு உறிஞ்சலாமா?

தாராளமாக. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது சூடு தணியும், மணமும் நன்றாகத் தெரியும். அங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபுகுவோகா பாணிக் கடைகளில் நூடுல்ஸ் மெல்லியதாக இருக்கும், சீக்கிரம் ஊறும். அதனால் அளவாகத்தான் தருவார்கள். பசி அடங்காவிட்டால் சூப்பை மிச்சம் வைத்து 'கயெதாமா' கேட்கலாம். அதே சூப்பில் இன்னொரு பிடி நூடுல்ஸ் விழும்.

1,000 யென் சுவர்

ராமென், உழைக்கும் மக்களின் மலிவு உணவாக வளர்ந்தது. அதனால் ஒரு கிண்ணம் 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர்கள் தயங்குவார்கள் என்ற பயம் கடைக்காரர்களுக்கு உண்டு. இதற்கு 'ஆயிரம் யென் சுவர்' என்றே பெயர். மாவு, இறைச்சி, மின்சாரம், எரிவாயு எல்லாம் விலை ஏறிவிட்டன. போதாக்குறைக்கு, 2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வந்தன. பழைய டோக்கன் மெஷின்கள் அவற்றை வாங்காததால் அதற்கும் செலவு.

தெய்கோகு டேட்டாபேங்க் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-ல் மட்டும் 72 ராமென் நிறுவனங்கள் திவாலாயின. அதுவரை இல்லாத எண்ணிக்கை இது.

விலையை ஏற்ற முடியாத கடைக்கு இருக்கும் ஒரே வழி, சீட் வேகமாகக் காலியாவதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சீட், மூன்று மணி நேர மதிய வியாபாரம், வாசலில் வரிசை குறையவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 15 நிமிடத்தில் எழுந்தால் 120 கிண்ணம் விற்கும். அரட்டை அடித்து 30 நிமிடம் ஆக்கினால் 60 தான். கிண்ணம் 900 யென் என்றால், ஒரே மதியத்தில் 54,000 யென் போச்சு.

போகிறவர்கள் கவனத்துக்கு

'காய்கறி ராமென்' என்று எழுதியிருந்தாலும் சூப் பன்றி எலும்பிலோ மீனிலோ செய்ததாக இருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் டோக்கன் எடுக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை. முடித்ததும் கிண்ணத்தைக் கவுன்டரின் மேல்தட்டில் வைத்து, 'கோச்சிசோசமா' என்று சொல்லிவிட்டு எழுந்தால் போதும். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். சீட்டைச் சீக்கிரம் காலி செய்வதும் கடைக்காரருக்குச் சொல்லும் நன்றிதான்.