ஊசியும் நூலும் உள்ள இல்லம்

 

நான் சிறுவனாக இருந்தபோது, ஷஃபான் பிறை தென்பட்டுவிட்டால் தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஊர்த் தெருவில் ஓர் ஓசை கேட்கத் தொடங்கும். இஷாத் தொழுகை முடிந்து வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்புகையில் வீட்டுக்கு வீடு அந்த ஓசை எங்களைத் தொடர்ந்து வரும். அது காலால் மிதித்து ஓட்டும் தையல் இயந்திரத்தின் ஓசை. நோன்பு தொடங்குமுன் பெருநாள் உடைகளைத் தைத்து முடித்துவிட வேண்டும், நோன்பு நாட்களை வணக்கத்திற்கு ஒதுக்கிவிட வேண்டும் என்பது அந்தத் தாய்மார்களின் கணக்கு.

என் உம்மா ஒரே துணியை வாங்கி எங்கள் நால்வருக்கும் சட்டை தைப்பார்கள். வெட்டியது போக எஞ்சிய துண்டுகளும் வீணாவதில்லை. பெரிய துண்டு குர்ஆனை வைக்கும் பையாகும். சிறிய துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து தொட்டில் குழந்தைக்கு விரிப்பாகும். நைந்துபோன பழைய துணிகள் பின்னப்பட்டு வாசலில் மிதியடியாகக் கிடக்கும்.

இன்று அதே தெருவில் நடந்து பாருங்கள். ஓசை இல்லை. மணப்பெண்ணின் சீர்வரிசையில் தையல் இயந்திரம் இன்றும் வருகிறது. ஆனால் பல வீடுகளில் அது சுவரோரம் நின்று, துவைத்த துணிகளை அடுக்கி வைக்கும் மேசையாகப் பணியாற்றுகிறது. இதைக் குறையாக மட்டும் சொல்ல நான் வரவில்லை. கடைகளில் ஆயத்த ஆடை மலிந்துவிட்டது. இளந்தாய்மார் பலர் வேலைக்குச் செல்கின்றனர். கணவர் கடல் கடந்து சென்றிருக்க, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மளிகை அனைத்தையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர்! அவர்களிடம் சென்று, "நீங்கள் ஏன் தைப்பதில்லை?" என்று கேட்பது அறமாகாது.

ஆயினும் எனக்குத் தெரிந்த ஓர் இளங்குடும்பத்தில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க இயலவில்லை. சிறிய வருமானம், மூன்று குழந்தைகள். பெருநாளுக்கு முந்தைய வாரம், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்த உடைகளைக் கண்டு இவர்களின் பிள்ளைகள் அழுதனர். தகப்பன் மனைவியின் வளையலை அடகு வைத்து, வட்டிக்குப் பணம் பெற்று உடை வாங்கினார். எந்த வட்டியைத் திருமறை அத்துணைக் கடுமையாகத் தடுத்திருக்கிறதோ, அதே வட்டியின் வழியாக ஈகைத் திருநாள் அந்த இல்லத்துள் நுழைந்தது. அவருடைய வீட்டிலும் ஒரு தையல் இயந்திரம் துணி சுமந்து நின்றுகொண்டிருந்தது என்பதுதான் வேதனை. பெருநாளன்று நம்மிடம் இருப்பவற்றில் சிறந்ததை அணிவதுதான் வழிமுறை. புத்தாடை கடமை அன்று. இந்த எளிய செய்தியைக்கூட நாம் அவருக்கு எடுத்துச் சொல்லத் தவறிவிட்டோம்.

ஒரு சிறுவனின் கேள்வி

மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என் பணி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லற வாழ்வைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டது. தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையார் விடையளித்தார்கள். இது புகாரீயில் இடம்பெற்றுள்ள செய்தி. தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று வேறு அறிவிப்புகளில் விரிவாக வந்துள்ளது. இதை விளக்கி முடித்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்றான்.

"ஹஜரத்! நீங்களும் உங்கள் சட்டையை நீங்களே தைப்பீர்களா?"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது. என் சட்டையில் இரண்டாம் பொத்தான் விழுந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. மனைவிக்கு நேரம் கிடைக்கட்டும் என்று ஊக்கு மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பட்டம் பெற்றேன், அரபு மொழி கற்றேன், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்த ஹதீஸைக் கற்றுக் கொடுத்தேன். ஊசியில் நூல் கோக்க மட்டும் நான் கற்கவில்லை!

அன்றிரவு மனைவியிடம் ஊசியைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னதும் ஒரு புன்னகையோடு, "இத்தனை வருஷமாக ஓதிக் கொடுத்த ஹதீஸ் இன்றைக்குத்தான் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது" என்றாள். அதில் கேலி பாதி, உண்மை பாதி. பொத்தானைத் தைக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அது கோணலாகவே அமர்ந்தது. இருமுறை விரலில் குத்திக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் அவள் செய்து முடிக்கும் ஒன்றுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகன் மறுநாள் தன் பையின் அறுந்த வாரைத் தானே தைக்க முனைந்தான். என்னைவிட அவன் தையல் நேராக இருந்தது.

வாசகர்களே! கைவேலை நம் இல்லங்களிலிருந்து மறைந்ததற்குக் கடைகள் மட்டும் காரணமல்ல. அதைப் பெண்களின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகி நின்றதும் ஒரு காரணம். பகிர்ந்துகொள்ளாத சுமையை ஒரு நாள் இறக்கி வைக்கத்தான் செய்வார்கள்.

கையின் நீளம்

பெண்களின் கைத்திறனை மார்க்கம் மதித்த விதத்தையும் எண்ணிப் பாருங்கள். தம் மனைவியருள் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். நபியவர்களுக்குப் பின் அன்னையருள் முதலில் மறைந்தவர் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள். அன்னார் தம் கையால் உழைத்துத் தர்மம் செய்துவந்தவர். தோல் பதனிடுவதிலும் தைப்பதிலும் தேர்ந்தவர். கையின் நீளம் என்பது கொடையின் நீளம் என்று அப்போது விளங்கிற்று. அந்தக் கொடை உழைத்த கையிலிருந்து பிறந்தது. ஆண்கள் ஈட்டியதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்கள் ஈட்டியதில் பெண்களுக்குப் பங்குண்டு என்று நான்காம் அத்தியாயமாகிய அன்னிஸாவில் இறைவன் அறிவிக்கிறான். எனவே தையலிலோ பின்னலிலோ ஒரு சகோதரி ஈட்டும் பணம் அவருக்குரியது என்பதைக் கணவன்மார் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் மாவட்டத்துப் பத்தமடையைப் பாருங்கள். தாமிரபரணியின் கரையில் வளரும் கோரையை அறுத்து, நீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கீறி, நூல் பாவில் கோத்து அங்கே பாய் நெய்கின்றனர். நெய்வோரில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தினர். வீட்டு முற்றத்தில் அமர்ந்து நெய்யும் பெண்களின் கைகளே அந்தக் கலையை இன்றுவரை காத்து வருகின்றன. மிக நுண்ணிய பாயைப் பட்டுத் துணி போல் மடித்து வைக்க இயலும். 2013ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டு வேலை என்று நாம் சிறிதாக எண்ணுவது ஓர் ஊருக்குப் பெயராகவும் ஒரு சமுதாயத்திற்குச் சோறாகவும் ஆகியிருக்கிறது.

பருவமும் பிறையும்

தையலைப் போன்றே சமையலும் நாளுக்கும் பருவத்திற்கும் ஏற்ப அமைய வேண்டிய ஒன்று. நமக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிறைக் கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்களே. ஆகவே ரமளான் ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டில் மே மாத வெயிலில் நோன்பு தொடங்கியது. 2026இல் பிப்ரவரியில் தொடங்கியது. வானியல் கணக்குப்படி 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு முறையும், டிசம்பர் இறுதியில் மறுமுறையும் ரமளான் பிறக்கும். இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தை வாலிபம் அடைவதற்குள் பனிக்கால நோன்பையும் மழைக்கால நோன்பையும் பார்த்துவிடும்.

கோடை நோன்பில் உடல் நீரைத் தேடும். நுங்கு, நீர்மோர், நன்னாரி சர்பத், ஊறவைத்த சப்ஜா விதை ஆகியவை அப்போது இதமளிக்கும். பொரித்த பண்டங்களைக் குறைத்துக்கொள்வது நலம். பனிக்கால நோன்பில் அதே நோன்புக் கஞ்சியில் இஞ்சியும் பூண்டும் சற்றுக் கூடலாம். மழைக்காலத்தில் சுக்கும் மல்லியும் இடித்துக் காய்ச்சிய பானம் ஏற்றது. கஞ்சிக்கு ஒரு பங்கு நொய்யரிசி, கால் பங்கு சிறுபருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் எடுத்துக் குழைய வேகவிட்டு, இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பாலும் மல்லி, புதினாவும் சேர்த்தால் போதும். வெந்தயத்தை முன்னரே ஊறவைத்துவிட்டால் எளிதில் வெந்துவிடும்.

பங்குனி, சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள். அரிசிக் கூழில் சீரகமும் பச்சை மிளகாயும் சேர்த்து மொட்டை மாடியில் வடகம் இடலாம். மோர் மிளகாய் காயவைக்கலாம். மாங்காயை உப்பிலிட்டு ஜாடியில் கட்டி வைக்கலாம். காக்கை விரட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தான் காவல் காத்த வடகத்தை, மழை கொட்டும் ஐப்பசி இரவில் தன் தட்டில் காணும் பிள்ளை, உணவை வீணடிக்கத் தயங்கும். உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளையை இதைவிடச் சிறப்பாக எந்த வகுப்பில் கற்பிக்க முடியும்?

குழம்பு வைத்தால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். கஞ்சிப் பாத்திரத்தைத் துணியால் மூடி, பக்கத்து வீட்டுச் சகோதர சமயத்தாருக்கும் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் பொங்கலன்று அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே.

எங்கிருந்து தொடங்குவது?

பெரிய முயற்சி வேண்டாம். ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் ஊசி, கறுப்பு, வெள்ளை நூல்கண்டு, சில பொத்தான்கள், கத்தரிக்கோல் ஆகியவற்றை இட்டு, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள், உதாரணமாக வெள்ளிக்கிழமை மாலை, அரைமணி நேரம் குடும்பத்தோடு அமருங்கள். கிழிந்தது, அறுந்தது, பிரிந்தது எதுவோ அதைச் சரிசெய்யுங்கள். ஆண்பிள்ளைக்கும் பொத்தான் தைக்கக் கற்றுக் கொடுங்கள். நாளை அவன் வெளிநாட்டில் தனியறையில் வாழ நேர்ந்தால் உங்களை நினைத்து துஆச் செய்வான்.

புதிதாகத் தைக்க விரும்பும் சகோதரிகளுக்கு மூன்று குறிப்புகள். பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுங்கள். இல்லையேல் தைத்த பிறகு சுருங்கிவிடும். வளரும் குழந்தையின் உடையில் கீழ் மடிப்பை 2 அங்குலம் விட்டுத் தையுங்கள். அடுத்த பெருநாளுக்குப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். முதல் முயற்சியைப் புதுத்துணியில் செய்யாமல் பழைய வேட்டியிலோ தலையணை உறையிலோ செய்யுங்கள்.

நேரமே இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். உங்கள் தெருவில் தைத்துப் பிழைக்கும் ஒரு விதவைச் சகோதரியோ ஏழைத் தையற்காரரோ இருப்பார். துணியை அவரிடம் கொடுங்கள். கூலியை அவரது வியர்வை உலருமுன் கொடுங்கள். பேரம் பேசிக் குறைக்காதீர்கள். அதுவும் கைவேலையைக் காக்கும் வழிதான்.

சென்ற பெருநாளன்று என் சட்டைப் பொத்தானைக் கண்டு எங்கள் மதரஸாப் பிள்ளை ஒருவன், "ஹஜரத், இது கோணலாக இருக்கிறதே!" என்றான். "நான் தைத்தது, தம்பி" என்றேன். வேறு எந்தப் பெருநாளிலும் நான் அவ்வளவு நிறைவோடு விடையளித்ததில்லை.

நம் இல்லங்களை உழைக்கும் கைகளும் பகிரும் உள்ளங்களும் நிறைந்தவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.