கடிக்கும் சொல்லும் கவ்வும் நிறமும்

ஆங்கிலம் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இடர் தரும் சொற்களுள் 'மோடன்ற்' என்பதும் ஒன்று. அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு நேரே 'கூரிய நையாண்டி பொதிந்த', 'அரிக்கும் இயல்புடைய', 'சாயத்தை நிலைநிறுத்தும் பொருள்' என ஒன்றோடொன்று உறவற்றன போலத் தோன்றும் பொருள்கள் நிரலாக நிற்கும். மாணவன் முதற்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு 'கிண்டலான' என்று மொழிபெயர்த்துவிட்டு அப்பாற் செல்கிறான். கிண்டல் வேறு, இது வேறு என்பதை அவனுக்கு எங்ஙனம் உணர்த்துவது?

சொல்லின் பிறப்பை நோக்கினால் வழி புலப்படும். 'கடித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது இது. 'கடிக்கின்ற' என்பதே இதன் நேர்ப்பொருள். ஒரு கடி அளவான உணவுத் துண்டைக் குறிக்கும் 'மோசல்' என்பதும், செய்த தவற்றை எண்ணி மனம் நோவதைக் குறிக்கும் 'றிமோஸ்' என்பதும் இதன் உடன்பிறப்புகளே. பின்னதற்கு 'மீண்டும் கடித்தல்' என்பது வேர்ப்பொருள். குற்றமுள்ள நெஞ்சை நினைவு திரும்பத் திரும்பக் கடிக்கிறதல்லவா?

கடுமொழியைக் குறிக்கும் பிற சொற்களையும் இதனருகே வைத்து நோக்குதல் நன்று. 'கோஸ்ரிக்' என்பது எரித்தல் என்னும் பொருளுள்ள கிரேக்க மூலத்தது. நம் 'சுடுசொல்' அதற்கு நேராக நிற்கும். 'சாக்கசம்' என்பதன் கிரேக்க மூலமோ தசையைக் கிழித்தலைக் குறிப்பது. ஒன்று சுடுகிறது, ஒன்று கிழிக்கிறது, ஒன்று கடிக்கிறது.

தமிழில் இதற்கு இணை தேட நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. 'ஆசிரியர் மாணவனைக் கடிந்துகொண்டார்' என்று நாள்தோறும் சொல்கிறோம். கடிதலும் கடித்தலும் ஒலியாலும் பொருளாலும் அருகருகே நிற்பவை. தொல்காப்பியர் உரியியலிலே 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குக் கூறும் பல பொருள்களுள் கூர்மையும் உண்டு, அச்சமும் உண்டு, காப்பும் உண்டு. கூரியதாக இருப்பதே காப்பதாகவும் இருக்கலாம் என்னும் இக்குறிப்பு எண்ணத்தக்கது.

இனி, சாயத்துக்கும் இச்சொல்லுக்கும் உள்ள தொடர்பு யாது? அதனை விளக்கச் சான்று நம் தீவுகளிலேயே கிடக்கிறது. மன்னார்க் கரையிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்திலே சாயவேர் என்னும் சிறுசெடி தானே வளர்வது. மெல்லிய அதன் வேர் ஒருகாலத்தில் பெரும் வாணிகப் பொருள். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கும்பனியார் அதனைத் தம் ஏகபோக உரிமையாக்கிக்கொண்டனர். வேர்குத்திகள் எனப்பட்ட உழைப்பாளர் அதனைத் தோண்டிக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தனர்.

ஆனால் அவ்வேர் தனியே துணிக்கு நிறம் தரவல்லதன்று. வெறுந்துணியை அதன் நீரில் இட்டால் ஏறிய நிறம் கழுவக் கழுவப் போய்விடும். ஆதலால் சாயமிடுவோர் துணியை முதலிற் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து, உலர்த்தி, நிறம் வேண்டிய இடங்களிற் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். சீனக்காரம் என்று நாம் வழங்குவதும் அதுவே. பின்னர்ச் சாயவேர் நீரிற் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடமெல்லாம் செந்நிறம் நிலைபெறும். அந்தக் காரத்துக்கே மேலைநாட்டார் 'மோடன்ற்' எனப் பெயரிட்டனர். அது நூலைக் கடித்துச் சாயத்துக்கு வழி திறக்கிறது என்று அவர்கள் எண்ணினர். காரத்திலுள்ள உலோகம் ஒருபால் நூலையும் மறுபால் சாயத்தையும் பற்றி இரண்டையும் பிணைக்கிறது என்று பிற்காலத்து இரசாயனம் கண்டது. கடித்தல் என்பதினும் கவ்வுதல் என்பதே பொருந்தும். தமிழ்க் கலைச்சொல்லாக்கியோர் 'நிறமூன்றி' என்றது அதனினும் அழகு.

செம்பு தகட்டை அமிலத்தால் அரித்துச் சித்திரம் பதிக்கும் கலையில் அவ்வமிலத்துக்கும் இதுவே பெயர். அக்கலையிற் பெரும்புகழ் பெற்ற றெம்பிறான்ற் 1606இல் லெய்டன் நகரிற் பிறந்தவர். ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் லெய்டனே. நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்வ்ற்' இன்றுங் கழுவுண்ணாது நிற்கிறது. ஏனைய தீவுகளுக்கு இட்ட பெயர்களோ வழக்கில் மங்கிவிட்டன. பெயர்களுக்கும் ஒரு நிறமூன்றி வேண்டும் போலும்!

1868இல் ஜேர்மானிய அறிஞர் கிறேபவும் லீபமனும் சாயவேரின் செந்நிறப் பொருளாகிய அலிசறினைக் கரித்தாரிலிருந்து ஆக்கும் வழி கண்டனர். அதன்பின் வேருக்கு மதிப்பில்லை. காரமோ இன்றியமையாததாகவே நின்றது. புதிய செயற்கைச் சாயமும் அதனையே நாடிற்று.

இப்பொழுது கடிக்கும் சொல்லுக்கு மீள்வோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் எண்ணெய் பூசிய மெருகோடு காவல் மனையில் அழகாக இருப்பதைப் புகழ்ந்தார்; தம் தலைவனின் கருவிகளோ போரிலே சிதைந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். வசைச் சொல் ஒன்றுமில்லை, உரத்த குரலுமில்லை. ஆயினும் போரிட்டறியாதவன் யார் என்னும் உண்மை கேட்டவன் நெஞ்சிற் கவ்விக்கொண்டது. 'மோடன்ற்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு மாணவர்க்குத் தரவியலாது. கிண்டல் சிரித்தவுடன் போய்விடும், இது நிற்கும்.

ஆசிரியர்க்கு இதில் வேறொரு பாடமும் உண்டு. கருநிறம் வேண்டிச் சாயக்காரர் இரும்புக் கரைசலைத் தீட்டுவர். அதுவும் நிறமூன்றியே. எனினும் இரும்பு மெல்ல மெல்ல நூலையே அரித்துவிடும். பழஞ்சீலைகள் சிலவற்றிலே செம்பூ வாடாமலிருக்க, அதனைச் சூழ்ந்த கருங்கோடு மட்டும் துணியோடு உதிர்ந்துபோயிருப்பதைக் காணலாம். மாணவனின் பயிற்சிப் புத்தகத்திலே நாம் எழுதும் ஒரு வரியும் இத்தகையதே. பிழையை மறவாமல் நிலைநிறுத்தும் அளவுக்கு அது கடிக்கலாம். அப்பிள்ளையின் ஊக்கமே அற்றுப்போகும்படி கடித்தால், ஊன்றவேண்டிய நிறத்தைத் தாங்கத் துணி இராது.