எல்லவோடு திரும்பிவிட வேண்டாம்

முதன்முறையாக ஊவா மாகாணத்துக்கு வருகிறவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ரயிலில் வந்து எல்லவில் இறங்குவார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுப்பார்கள். சின்னச் சிவனொளிபாதக் குன்றில் ஏறி இறங்குவார்கள். போகிற வழியில் இராவணன் அருவியைப் பார்த்துவிட்டு வெல்லவாயப் பக்கம் போய்விடுவார்கள். ஒரு பகலில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இடங்களில் ஒன்றைக்கூடக் குறைசொல்ல முடியாது. 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலம் இன்றும் ரயிலைத் தாங்கி நிற்பதைப் பார்க்கவே வரலாம். ஆனாலும் இந்தத் திட்டம் இடங்களின் பட்டியலில் தொடங்குகிறது. அதுதான் அதன் கோளாறு. மலைநாட்டில் முதலில் தீர்மானிக்க வேண்டியது நேரத்தை. எந்த மாதம் வருவது, காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை இரவு தங்குவது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்த இடத்தை எப்போது பார்ப்பது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

மாதத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டி ஊவாவில் இறங்கும்போது ஈரமிழந்து வறண்டுவிடுகிறது. கச்சான் காற்று என்பது இதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று வீசும்போது கொழுந்து மெதுவாக வளர்ந்து தனி வாசம் கொள்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் கிடைத்த பெயர் அந்தச் சில வாரங்கள் தந்த பெயர். தேயிலைக்கு நல்ல அந்தக் காலம் பயணிகளுக்கும் நல்ல காலம். வானம் திறந்திருக்கும், மலைக்குப் பின்னால் மலை தெரியும். ஒக்டோபரிலிருந்து நிலைமை தலைகீழ். இடைப்பருவ மழையும் அதைத் தொடர்ந்து வடகீழ்ப் பருவமழையும் நேராக ஊவாவின் முகத்தில் அடிக்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன்களை மண் மூடியது இந்த மழைக்காலத்தில்தான். மாதத்தை மட்டும் நம்பிவிடவும் முடியாது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து வீடுகள் அழிந்தன. ஆகவே நல்ல மாதத்தில் வந்தாலும் தொடர்ந்து மழை பெய்தால் திட்டத்தை மாற்றத் தயாராக இருக்க வேண்டும். அதற்குக் கையில் இன்னொரு நாளாவது வேண்டும். ஒரு பகல் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அடுத்தது மணிக்கணக்கு. ஹப்புத்தளைக்கு அப்பால், 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்றான தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் சீட் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். விடியும்போது அங்கே நின்றால் தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பது தெரியும். வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து மூடுபனி எழுந்து வரும். பத்து மணிக்கு வந்து சேர்கிறவருக்குப் பல நாட்களில் வெள்ளைச் சுவர்தான் காட்சி. தூரத்திலிருந்து காலையில் புறப்படுகிறவர் எப்படி விரைந்தாலும் அந்த விடியலைப் பிடிக்க முடியாது. முந்தைய இரவே மலையில் தங்கியவருக்குத்தான் அது கிடைக்கும். இந்த மலைத்தொடரிலேயே பூனாகலை இருக்கிறது. பூனாகலை ஓயா அங்கிருந்து தேயிலை மலைகளினூடே இறங்கி, கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் ஆழத்துக்குத் தியலும அருவியாக விழுகிறது. பெரகல–வெல்லவாய வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் அருவியின் அடியை மட்டும் பார்க்கிறார்கள். பூனாகலைக்கு ஏறும் வீதிப் பக்கமிருந்து நடந்தால் அருவியின் தலைக்கே போகலாம்; அங்கே பாறைகளுக்கிடையே அடுக்கடுக்காகத் தடாகங்கள். மழைக்காலத்தில் அந்தத் தடாகங்களில் இறங்கக் கூடாது. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. வெள்ளம் மட்டும் திடீரென்று வரும். தோட்டத்தின் நீரே அருவியாவதை ஊற்றுப் பக்கத்திலிருந்து விளிம்புவரை பின்தொடர்ந்து பார்ப்பதற்கு நிகரான ஒரு நாள் எல்லவின் பட்டியலில் இல்லை என்பது என் முடிவு.

“லீவு கிடைப்பதே இரண்டு நாள், இதற்கெல்லாம் நேரமேது?” என்று கேட்கலாம். இரண்டு நாளே போதும், தங்குமிடத்தைப் பண்டாரவளைக்கு மாற்றினால். பண்டாரவளை எல்லவுக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில் இருக்கிறது; ரயிலும் உண்டு, பூனாகலைக்கு பஸ்ஸும் உண்டு. ஒரு நாள் தெற்கே லிப்டன் சீட், பூனாகலை, தியலும. மறுநாள் வடக்கே, ரயிலில் பதுளைவரை. அந்த ரயிலே எல்ல வழியாக ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் போகிறது. அடுத்து தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, சற்று முன் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. இறக்கத்தைச் சமாளிக்க அந்தக் காலப் பொறியியலாளர் கண்ட வழி அது. 1924இல் ரயில் எட்டிய பதுளையில் முத்தியங்கன விகாரையும், நகரத்துக்கு வெளியே துன்ஹிந்த அருவியும் இருக்கின்றன. ஆக, எல்லவைக் கைவிடச் சொல்லவில்லை; அதை வழியில் வரும் ஒரு நிலையமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. தோட்டம் மக்கள் உழைத்து வாழும் இடம், வேடிக்கை பார்க்கும் இடமா என்பது அது. நியாயமான கேள்வி. லயத்து வாசலில் நின்று படம் எடுப்பதும், கொழுந்து பறிக்கிற அக்காமாரைக் கேட்காமல் கமராவை நீட்டுவதும், பிள்ளைகளுக்கு இனிப்பை வீசுவதும் செய்யவே கூடாதவை. ஆனால் அதற்காக அந்தப் பக்கமே போகாதிருப்பதால் தோட்டத்து மக்களுக்கு என்ன கிடைக்கிறது? எல்லவில் செலவாகும் காசு பூனாகலைக் கடைக்கு வருவதில்லை. தோட்டத்துக் கடையில் தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்கலாம், அந்த ஊர்ப் பையனின் ஆட்டோவைப் பிடிக்கலாம், வழிகாட்டியவருக்கு உரிய கூலியைக் கொடுக்கலாம். தமிழ் வாசகருக்கு வெளிநாட்டவருக்கு இல்லாத வசதியும் இருக்கிறது: பேச்சுக்கு இடையில் ஆள் வேண்டாம். 2023இல் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்த மலையக மக்களிடம், நாட்கூலிக்குப் பெயர் எப்படிப் போடுகிறார்கள், மண் சரிந்தபின் எங்கே குடியமர்த்தினார்கள் என்று அவர்கள் மொழியிலேயே கேட்கலாம். அவர்கள் பேச விரும்பினால் மட்டும்.

அவசரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்தவர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர். அந்த இறக்கங்களில் இருட்டியபின் வாகனம் ஓட்டும்படி எந்தத் திட்டமும் இருக்கக் கூடாது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் உலுக்கியது. எனவே புறப்படுமுன் இரண்டு விசாரணைகள் செய்யுங்கள்: ரயில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேளுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். இரண்டும் சாதகமாக இருந்தால் பண்டாரவளையில் இரண்டு இரவுக்கு அறை எடுங்கள்.