புது என்ஜின் போட்டார்கள்; புகை வந்தது!

பெட்ரோலில் ஓடிய பழைய அம்பாஸடர் கார். அதற்கு டீசல் என்ஜின் மாற்றியாகிவிட்டது. பாட்டரியும் புதிது. வீட்டாரெல்லாம் சுற்றி நிற்கிறார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! மறுபடி திருப்பினால், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை!

"என்ன மேஸ்திரி, என்ஜினே சரியில்லையா?" என்று கேட்பார் காரின் சொந்தக்காரர்.

என்ஜின் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு இருப்பது ஒரு முழ நீளமுள்ள செப்புப் பட்டையில். அதை மாட்ட மறந்துவிட்டார்கள்! என்ஜின் மாற்றும்போது எளிதில் நேர்ந்துவிடும் தவறு இது.

கிராமத்தின் கார்

உத்திரமேரூர் வட்டாரத்தில் வீட்டில் கல்யாணம் என்றால் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போவார்கள். தாத்தா, பாட்டி, பேரன் பேத்தி எல்லோரையும் ஏற்றிக் கொண்டு போக அம்பாஸடரைப் போல ஒரு வண்டி கிடையாது. மேடு பள்ளத்துக்கு அஞ்சாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் மாதிரியில் செய்யப்பட்டது. 1950-களின் இறுதியில் வந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா ஆலையில் 2014-ல் உற்பத்தி நின்றது. அதன் பிறகும் சில வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அதன் பழைய பெட்ரோல் என்ஜின் 1489 சி.சி. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் டீசல் என்ஜினுக்கு மாறியவர்கள் உண்டு. 1990-களில் வந்த 1800 சி.சி. இசுஸு என்ஜினைத் தேடிப் போட்டவர்களும் உண்டு. என்ஜினைத் தூக்கி வைக்கச் சங்கிலிக் கப்பியும் நாலு ஆளும் போதும். வயரிங்குக்குத்தான் பொறுமை வேண்டும்.

மின்சாரம் திரும்பும் வழி

வீட்டில் விளக்கு எரிய இரண்டு வயர் வேண்டும். ஒன்றில் மின்சாரம் வருகிறது; மற்றொன்றில் திரும்புகிறது. காரில் பெரும்பாலான விளக்குகளுக்கு ஒரே வயர்தான்! திரும்பும் வழி எது? காரின் இரும்பு உடம்பேதான். பாட்டரியின் மைனஸ் முனையை அந்த உடம்போடு இணைத்துவிடுகிறார்கள். இதைத்தான் மெக்கானிக்குகள் "பாடி எர்த்" என்கிறார்கள்.

ஆனால் என்ஜின், உடம்பின் மேல் நேராக உட்காருவதில்லை. அதிர்ச்சி தெரியாமலிருக்க ரப்பர் கட்டைகளின் மேல் உட்காருகிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகவே, என்ஜினுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு செப்புப் பட்டை மாட்டுவார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினோடு ஒட்டியிருக்கிறது. அது சுழல 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். டீசல் என்ஜினுக்கு இன்னும் அதிகம். வீட்டில் சுற்றும் மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை என்று சொன்னால் அளவு புரியும்.

பட்டை இல்லாவிட்டால் இத்தனை மின்சாரம் எப்படித் திரும்பும்? வேறு எந்த இரும்பு, என்ஜினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அதில் பாயும். சோக் கம்பியில் பாயும்; ஆக்ஸிலேட்டர் கேபிளில் பாயும்; டீசல் வண்டியில் ஸ்டாப் கேபிளில் பாயும். மெல்லிய கம்பி என்ன செய்யும், பாவம்! பழுக்கக் காய்கிறது. மேலே உள்ள உறை உருகிப் புகைகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

புது ஸ்டார்ட்டர் வாங்கிப் பணத்தை இறைக்க வேண்டாம். தடித்த ஜம்பர் கேபிள் ஒன்று போதும். அதன் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும், மறுமுனையை என்ஜினின் வெற்று இரும்பிலும் பிடித்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். என்ஜின் சுழன்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

மீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஒரு முள்ளை என்ஜின் மேலும், ஒரு முள்ளை பாட்டரியின் மைனஸிலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பட்டை இருந்தும் இப்படிக் காட்டுவது உண்டு. பட்டை மாட்டிய இடத்தில் துருவோ, பெயின்டோ இருக்கும். புதுப் பெயின்ட் அடித்து அழகு பார்த்த வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளபளத்த பிறகு மாட்ட வேண்டும்.

வயருக்கும் ஓலைச் சீட்டு

சோழ மன்னன் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் உத்திரமேரூரில் இருக்கின்றன. ஓலைகளில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஊராட்சிக்கு ஆள் தேர்ந்தெடுத்த விவரம் அவற்றில் உள்ளது. பெயரெழுதிய சீட்டின் அருமை அறிந்த ஊர்! பழைய என்ஜினைக் கழற்றும்போது, ஒவ்வொரு வயரிலும் ஒரு சீட்டு ஒட்டி, "இது ஸ்டார்ட்டர்", "இது ஆயில் விளக்கு", "இது ஹீட் மீட்டர்" என்று எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கையில் இருக்கும் செல்போனில் நாலு படமும் எடுத்துக் கொள்ளலாம்.

நிறத்தை மட்டும் நம்புவது ஆபத்து. ஆங்கிலேய முறையில் பழுப்பு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். வெள்ளையில் சாவி போட்டால் வரும். கறுப்பு எர்த். ஆனால் இசுஸு, ஜப்பானியர் வடிவமைத்த என்ஜின். அதனுடன் வரும் வயர்களின் நிறம் இதற்கு ஒத்துப் போகாது. நிறம் பார்த்து நிறத்தோடு முடிச்சுப் போட்டால் வம்புதான்.

இன்னொன்று. பெட்ரோல் என்ஜினில் காயிலுக்குப் போன அந்த வெள்ளை வயருக்கு டீசல் என்ஜினில் வேலையே இல்லை. அனாதையாகத் தொங்கும். பழைய ஆங்கிலேய முறையில் அதற்குப் பியூஸும் கிடையாது. எங்காவது இரும்பில் பட்டால் வயர் முழுதும் எரியும். முனையில் டேப் சுற்றிக் கட்டி வைப்பது முதல் வேலை.

சிவப்பு விளக்கின் மர்மம்

பழைய கார்களில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியது டைனமோ. அதற்குத் தனியாக ஒரு கட்-அவுட் பெட்டி உண்டு. புது என்ஜினில் வருவது ஆல்டர்னேட்டர். அதற்கு அந்தப் பழைய பெட்டி கூடாது. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் நம் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகியவை. (இந்தப் பாடி ஊரின் பெயர், எர்த் பாடி அல்ல!)

எல்லாம் மாட்டியும் சார்ஜ் ஏறவில்லையா? டாஷ்போர்டில் உள்ள சின்னச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த விளக்கு வழியாகச் செல்லும் சிறு மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. பல்பு போயிருந்தால் ஆல்டர்னேட்டர் தூங்கும்! ஒரு பல்பைப் போடாமல் ஆல்டர்னேட்டரையே மாற்றிவிடுவது அநியாயச் செலவல்லவா? என்ஜின் ஓடும்போது பாட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் இருந்தால் சார்ஜ் சரி. 15-ஐத் தாண்டினால் பாட்டரி கொதித்துவிடும்.

பாட்டரியைத் திருப்பி மாட்டுவது அதைவிட மோசம். பழைய ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் பிளஸ் முனைதான் எர்த். அந்த ஞாபகத்தில் ஆல்டர்னேட்டர் வண்டியில் மாற்றி மாட்டினால், உள்ளே இருக்கும் டையோடுகள் கண் மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும்.

டீசல் என்ஜினில் ஹீட்டர் பிளக்குகளும் உண்டு. காலைக் குளிரில் இவை சூடேறிய பிறகே என்ஜின் கிளம்பும். நாலு பிளக்கும் சேர்ந்து நிறைய மின்சாரம் இழுக்கும். பழைய சாவி வயர் தாங்காது. தடித்த வயரும் ரிலேயும் போட வேண்டும்.

பன்னிரண்டு வோல்ட்தானே!

"வீட்டுக் கரண்ட் போல ஷாக் அடிக்காது, பன்னிரண்டு வோல்ட்தானே!" என்று அலட்சியமாகச் சொல்வார்கள். ஷாக் அடிக்காதது உண்மை. ஆனால் பாட்டரியின் இரு முனைகளிலும் ஒரு ஸ்பானர் பட்டால் நெருப்புப் பறக்கும். கைமோதிரம் பட்டால் விரல் வெந்துவிடும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. பக்கத்தில் பீடி கூடாது. பியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றுகிறார்களே, அது எல்லாவற்றையும்விடக் கொடிது. பியூஸ் உருக வேண்டிய நேரத்தில் வயர் உருகுகிறது. பின் சீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்!

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு வேலை பாக்கி. என்ஜின் நம்பர் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாற்றம் செய்த 14 நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எந்த என்ஜினுக்கு அனுமதி உண்டு என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது. உத்திரமேரூர்க்காரர்களுக்கு அந்த அலுவலகம் காஞ்சிபுரத்தில் இருக்கிறது.