பற்று எது, வரவு எது?

பணம் உள்ளே வந்தால் பற்று. வெளியே போனால் வரவு. கணக்குப்பதிவியலில் தமிழ் மாணவர்கள் திகைத்து நிற்கும் இடம் இது. வீட்டுக்குச் சம்பளம் வந்தால் அது வரவுதானே?

விடை, பெங்களூரு அல்சூரை ஒட்டிய மர்பி டவுனோ மதுரையோ, எந்த மளிகைக் கடையின் கடன் நோட்டிலும் கிடைக்கும். 500 ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் பெயரில் அது பற்று: அவர் பெற்றது. பிறகு 300 ரூபாய் கட்டினால் வரவு: அவரிடமிருந்து வந்தது. பாக்கி 200.

அதே 300 ரூபாயைக் கடைக்காரரின் ரொக்கக் கணக்கு பெறுவதால் அங்கே அது பற்று. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி நூலாக அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறை இதுதான்.

குழப்பம் பணத்தில் போய் முடியலாம். வியாபாரியின் ஏட்டில் வங்கிக் கணக்கு 'பற்று இருப்பு' காட்டினால் வங்கியில் பணம் இருக்கிறது. பாஸ்புக்கில் அதே சொல் வந்தால் வங்கிக்கு அவர் கடன்காரர். சொல்லுக்கு முன் கேட்க வேண்டியது: இது யார் எழுதிய, யாருடைய கணக்கு?