ரண ஜன்னி: பெயரிலேயே இருக்கும் எச்சரிக்கை

டெட்டனஸ் என்ற நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயர் 'ரண ஜன்னி'. அடிக்கடி காதில் விழும் இப்பெயரின் பொருளை நாம் கவனிப்பதில்லை.

'ரணம்' என்றால் புண், காயம். 'ஜன்னி' என்பது 'சந்நிபாதம்' என்ற பழைய வைத்தியச் சொல்லிலிருந்து வந்தது. கடுங்காய்ச்சலில் பிதற்றுவதையும், கை கால் இழுப்பதையும் நம் வீடுகளில் ஜன்னி என்கிறோம். ஆக, காயத்தின் வழியே வரும் இழுப்பு நோய்தான் ரண ஜன்னி.

இந்நோய்க்கு 'தனுர்வாதம்' என்றும் பெயருண்டு. தனுசு என்றால் வில். நோயாளியின் முதுகு வில்லாக வளைவதால் அப்பெயர். அரபியில் 'குஸாஸ்' என்பர். இறுகி விறைத்துப் போவது என்று பொருள். டெட்டனஸ் என்ற கிரேக்கச் சொல்லும் விறைப்பையே குறிக்கிறது. இவையெல்லாம் நோயின் தோற்றத்தைச் சொல்கின்றன. ரண ஜன்னி என்ற பெயரோ அது வரும் வழியையே சொல்லிவிடுகிறது.

ஆனால் பேச்சு வழக்கில் 'ரணம்' உதிர்ந்து 'ஜன்னி' மட்டும் மிஞ்சும்போது ஆபத்து தொடங்குகிறது. குளிர் பட்டது, கண்ணேறு பட்டது என்று எண்ணம் ஓடுகிறது. ஒலி ஒத்திருப்பதால் சிலர் 'ஜின்' கோளாறு என்றும் நினைக்கின்றனர். ஜின் அரபிச் சொல். ஜன்னிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேலும், ரண ஜன்னி கண்டவர் பொதுவாகப் பிதற்றமாட்டார். தாடை பூட்டிக்கொள்ளும், உடல் முறுக்கும். நினைவு தெளிவாகவே இருக்கும்.

இந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. காற்றுப் புகாத ஆழமான காயத்தில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. துருப்பிடித்த ஆணி மட்டுமல்ல, முள் குத்தினாலும் போதும். பச்சிளம் குழந்தையின் தொப்புளும் ஒரு ரணம்தான். சுத்தமற்ற பிளேடால் கொடியை அறுப்பதாலும், தொப்புளில் சாணமோ சாம்பலோ வைப்பதாலும் இந்நோய் வரலாம். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை பிறகு குடிக்க முடியாமல், தொட்டாலே விறைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. துஆ செய்வோம், மருத்துவமனைக்கு ஓடிக்கொண்டே செய்வோம்.

கர்ப்பிணிக்குப் போடும் டிடி ஊசி, பிறக்கும் குழந்தையையும் காக்கிறது. பிறந்த 6, 10, 14 ஆம் வாரங்களில் போடும் ஊசியிலும் ரண ஜன்னித் தடுப்பு உண்டு. ஒன்றரை வயதையொட்டியும், 5 வயதிலும், 10, 16 வயதுகளிலும் மீண்டும் போட வேண்டும். ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்கும் ஊசி தேவை. நோய் வந்து போனதால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை.

பிரசவங்களில் தாய்க்கும் சேய்க்கும் வரும் ரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015 இல் உறுதி செய்யப்பட்டது. ஆனால் கிருமி மண்ணில் அப்படியே இருக்கிறது. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பும்.

எனவே பெயரை முழுமையாகச் சொல்வோம். வீட்டில் யாருக்குக் காயம் பட்டாலும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, கடைசியாக ஊசி போட்டது எப்போது என்று பார்த்து, மருத்துவரிடம் காட்டுவோம்.