திடீரென்று அணையும் கணிப்பொறி

நாளை பள்ளியில் கொடுக்க வேண்டிய கட்டுரையைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள். கடைசிப் பத்தி. திடீரென்று திரை இருண்டுவிடுகிறது. உள்ளிருந்த மின்விசிறியின் ஓசையும் நின்றுவிடுகிறது. அறை விளக்கு மட்டும் எரிகிறது. சேமித்து வைக்காத பக்கங்கள் போனவை போனவைதாம். "கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

அவசரம் வேண்டாம். காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. இந்த அணைதலும் அப்படித்தான். பல வேளைகளில் கணிப்பொறி தன்னைக் காத்துக்கொள்ளவே அணைகிறது. எதனிடமிருந்து காத்துக்கொள்கிறது? அதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் எப்போது அணைந்தது, அப்போது என்ன வேலை நடந்தது என்று எழுதி வாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

முதல் சந்தேகம் வெப்பத்தின்மீது. கணிப்பொறியின் மூளையான பிராசசர் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு சில்லு. கடினமான வேலையின்போது அது 65 வாட், சிலவற்றில் 100 வாட்டுக்கும் மேலான வெப்பத்தை வெளியிடும். எரியும் 60 வாட் குண்டு பல்பை உங்களால் தொட முடியுமா? இந்த வெப்பத்தை அகற்றவே பிராசசரின் மேல் உலோகத் தகடுகளும் மின்விசிறியும் இருக்கின்றன. தகடுகளுக்கு இடையில் தூசு அடைத்தால் அது கம்பளிபோல் வெப்பத்தைத் தடுக்கும். வெப்பநிலை 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால், கருகிப்போகாதிருக்க எல்லாம் நிறுத்தப்படும்.

இரண்டாம் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியின்மீது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை அது 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே இறங்கக்கூடாது, 12.6-க்கு மேலே ஏறவும் கூடாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகள் பழசாகிவிட்டால், வேலைப்பளு கூடும்போது இந்த அளவைக் காக்க முடியாமல் போகும்.

கனமான விளையாட்டு ஓடும்போது அணைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெப்பமும் கூடுகிறது, மின்தேவையும் கூடுகிறது. குற்றவாளி யார்? கடிகாரத்தைப் பாருங்கள். வெப்பம் ஏறச் சில நிமிடங்களாவது வேண்டும். மின்தேவையோ நொடியில் தாவும். பல நிமிடம் ஓடிய பின் அணைந்து, உடனே போட்டால் மீண்டும் அணைந்து, அரை மணி ஆறிய பின் நன்றாக ஓடினால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். வெப்பநிலை காட்டும் மென்பொருளில் 60 டிகிரி இருக்கும்போதே அணைந்தால் பிராசசரின் வெப்பம் நிரபராதி! மின்வழங்கியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்பதனப் பெட்டி ஓடத் தொடங்கும் வேளையில் மட்டும் அணைகிறதா? அப்படியானால் கோளாறு வெளியே, வீட்டு மின்னழுத்தத்திலோ தளர்ந்த பிளக்கிலோ இருக்கலாம். வேறொரு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். நீலத்திரை தோன்றித் தானாகவே மீண்டும் தொடங்கினால் அது வேறு கதை. நினைவகத்தையோ மென்பொருளையோ ஆராய வேண்டும்.

ஒரு விதியை மறவாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். தூசையும் துடைத்து, மின்வழங்கியையும் மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று எப்படிச் சொல்வீர்கள்?

தூசு துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெரியவர் ஒருவரும் உடனிருக்கட்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் சுமார் 325 வோல்ட் தேங்கியிருக்கக் கூடும். அது உயிருக்கே ஆபத்து.

சுவரில் இருப்பது 230 வோல்ட்தானே, உள்ளே 325 எப்படி வந்தது? 230-ஐ 1.414-ஆல் பெருக்கிப் பாருங்கள். காரணத்தை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்கு முன், கட்டுரையைச் சேமித்து வைத்துவிடுங்கள்!